அப்பா அம்மா போனப்புறம் நமக்குள்ள எங்க தங்குறாங்க?

அம்மாவோ அப்பாவோ இறந்து சில வருஷம் ஆனவங்க கிட்ட தனியா உக்காந்து பேசினா பல பேர் ஒரே பயத்தை தான் சொல்றாங்க. அம்மா குரல் எப்படி இருக்கும்னு சட்டுனு ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது, அப்பா முகத்தை நினைச்சா சுவத்துல மாட்டியிருக்கிற ஃபோட்டோ தான் வருது, நடமாடிக்கிட்டு இருந்த அப்பா வரமாட்டேங்குறாரு, அப்போ நான் அவங்களை மறந்துட்டு வரேனான்னு கேக்குறாங்க. எனக்கும் எங்க அப்பா போனப்புறம் இந்த பயம் வந்துச்சு, அதுல இருந்து ஞாபகம் பத்தி கையில கிடைச்சதை எல்லாம் படிச்சிட்டு வரேன், படிச்சதுல எனக்கு உறுதியா பட்டது என்னன்னா பெத்தவங்க நமக்குள்ள தங்கியிருக்கிற இடம் வேற, நாம போய் தேடுற இடம் வேற. நாம முகத்தையும் சம்பவத்தையும் தேடுறோம். அவங்க அதிகமா தங்கியிருக்கிறது நம்ம பழக்கத்துலயும் நமக்குள்ள ஓடுற பேச்சுலயும். சம்பவம் கரையும், உரு மாறும், பழக்கம் அவ்வளவு லேசுல போகாது.

இதுக்கு அடிப்படையான விஷயம், மூளையில எல்லா ஞாபகமும் ஒரே இடத்துல ஒரே மாதிரி பதியறதில்ல. எண்டெல் டல்விங்னு ஒரு கனடா நாட்டு உளவியல் ஆய்வாளர் 1972ல இதை ரெண்டா பிரிச்சு சொன்னாரு. நடந்த ஒரு சம்பவத்துக்கு நாமளே திரும்ப போய் நின்னு பாக்குற மாதிரி நினைச்சுப் பாக்குறது ஒண்ணு, எப்போ எங்க தெரிஞ்சுகிட்டோம்னே சொல்ல முடியாம நமக்கு தெரிஞ்சிருக்கிற விவரம் இன்னொண்ணு. மழையில நனைஞ்சுகிட்டே அப்பா ஸ்கூல் வாசலுக்கு குடை எடுத்துட்டு வந்த நாள் முதல் வகை. அப்பாவுக்கு காபியில சக்கரை தூக்கலா வேணும், சாப்பாட்டுல கடைசியா மோர் இல்லேன்னா சாப்பிட்ட மாதிரியே இருக்காது, இதெல்லாம் ரெண்டாவது வகை, இதுக்கு தேதி கிடையாது, ஆயிரம் நாள் பாத்து பாத்து சேந்தது. இது ரெண்டுக்கும் வெளிய இன்னொண்ணு இருக்கு, கை பழகின ஞாபகம். சைக்கிள் ஓட்டுறது, பூ கட்டுறது, தோசை வார்க்குறது எல்லாம் அதுல தான் வரும்.

இந்த மூணாவது வகை தனின்னு தெரிய வந்த கதையை கொஞ்சம் விரிவாவே சொல்லணும். அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு ஒருத்தர், வலிப்பு நோய்க்காக 1953ல அவருக்கு 27 வயசுல மூளையில ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ்ங்கிற பகுதியை பெருமளவு எடுத்துட்டாங்க. வலிப்பு குறைஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் நடக்குற எந்த சம்பவமும் அவருக்கு தங்கல, பேசிட்டு இருந்த ஆள் வெளிய போய் கொஞ்ச நேரம் கழிச்சு வந்தா புதுசா பாக்குற மாதிரி வணக்கம் சொல்லுவாரு. பிரெண்டா மில்னர்ங்கிற ஆய்வாளர் அவருக்கு ஒரு பயிற்சி குடுத்தாங்க, கண்ணாடியில பாத்துகிட்டே ஒரு நட்சத்திர படத்தோட ஓரத்துலயே பென்சிலால கோடு போடணும், கை நேர் எதிர் திசையில போகும்ங்கிறதால கஷ்டமான வேலை. அடுத்தடுத்த நாள் குடுக்க குடுக்க அவர் கை தேறிக்கிட்டே வந்துச்சு, ஆனா ஒவ்வொரு தடவையும் இதுக்கு முன்னாடி இதை செஞ்சதே இல்லன்னு தான் சொல்லியிருக்காரு. 1962ல இந்த முடிவு வெளிவந்துச்சு, மனசுக்கு தெரியாம கை கத்துக்குதுங்கிறதுக்கு இன்னைக்கும் இதை தான் எடுத்து காட்டுறாங்க. அவரை பத்தி படிச்சதுல என்னை ரொம்ப பாதிச்சது வேற ஒண்ணு. அவரோட அப்பா இறந்துட்டாருங்கிறது அவருக்கு தங்காதுங்கிறதால அந்த விஷயத்தை ஒரு துண்டு சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சிருந்தாராம்.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். எத்தனை அம்மாக்கள் அளவு சொல்லி சமையல் கத்துக் குடுத்திருக்காங்க? உப்பு எவ்வளவும்மான்னு கேட்டா பாத்து போடுன்னு தான் பதில் வரும், புளி எவ்வளவுன்னா நெல்லிக்காய் அளவு, எண்ணெய் எவ்வளவுன்னா தாளிக்குற அளவு. பொண்ணு பக்கத்துல நின்னு பாத்திருப்பா, கரண்டி எடுத்து குடுத்திருப்பா, அவ்வளவு தான். அதுக்கப்புறம் எங்கயோ வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ தனியா ஒரு கிச்சன்ல நின்னு ரசம் வைக்கும்போது நுரை கட்டி வர்ற அந்த நேரத்துல கை தானா போய் அடுப்பை அணைக்கும், யார் சொல்லி குடுத்தான்னு யோசிச்சா ஒரு நாளும் யாரும் சொல்லி குடுத்திருக்க மாட்டாங்க. அப்பாக்களோடதும் இப்படி தான், பூட்டை பூட்டிட்டு ரெண்டு தடவ இழுத்து பாக்குறது, பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே சில்லறையை மேல் பாக்கெட்டுல எடுத்து வச்சுக்கிறது, பேப்பரை நாலா மடிச்சு படிக்கிறது, கோவம் வந்தா கத்தாம எழுந்து வாசலுக்கு போயிடுறது. நான் பேசும்போது மூக்கு கண்ணாடியை கழட்டி கையில வச்சுகிட்டு பேசுறேன்னு எங்க அத்தை ஒரு தடவ சொல்லி கண் கலங்கினாங்க, அது அப்படியே எங்க அப்பா, எனக்கு அப்படி செய்யிறேன்னே தெரியாது. இதுல எவ்வளவு ரத்தத்துல வந்தது எவ்வளவு பாத்து பழகினதுன்னு துல்லியமா பிரிக்க முடியாது, ரெண்டும் கலந்து தான் இருக்கும், ஆனா அப்பா முகம் மங்கிடுச்சேன்னு அழுதுகிட்டு இருக்கிற ஆளோட கை அப்பாவோட கை மாதிரியே அசைஞ்சுகிட்டு இருக்கும்ங்கிறது உண்மை.

குரல் விஷயமும் கிட்டத்தட்ட இப்படி தான், அதுக்கு வேர் இன்னும் ஆழமா போகுது. 1980ல டிகாஸ்பர், ஃபைஃபர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல பிறந்து 3 நாள் கூட ஆகாத குழந்தைங்களை வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க, குழந்தை சப்புற ரப்பர் காம்பை ஒரு டேப் ரிக்கார்டரோட இணைச்சு, ஒரு விதமா சப்பினா சொந்த அம்மா குரல் வரும், வேற விதமா சப்பினா வேற ஒரு பொம்பளை குரல் வரும். குழந்தைங்க அம்மா குரல் வர்ற மாதிரி சப்புறதை மாத்திக்கிச்சுங்க. வயித்துக்குள்ள இருக்கும்போது கடைசி மாசங்கள்ல காது கேக்க ஆரம்பிச்சிடுது, வெளிய வர்றதுக்கு முன்னாடியே அம்மா குரல் பழகிடுது, அதாவது நமக்கு இருக்கிற முதல் பழக்கமே அவங்க குரல் தான்.

அப்புறம் நாம வளரும்போது அந்த பேச்சு உள்ள போகுது. ரஷ்யாவுல வைகாட்ஸ்கிங்கிற உளவியலாளர் 1930கள்ல இதை எழுதியிருக்காரு, சின்ன குழந்தைங்க விளையாடும்போது தனக்கு தானே சத்தமா பேசிக்கும்ல, இதை இங்க வை, சூடு தொடக்கூடாதுன்னு, அந்த பேச்சு பெரியவங்க குழந்தை கிட்ட பேசின பேச்சு தான், அது கொஞ்சம் கொஞ்சமா சத்தம் குறைஞ்சு முணுமுணுப்பாகி கடைசியில மனசுக்குள்ள பேசுற பேச்சா மாறிடுதுன்னு அவர் சொன்னாரு. அப்போ நம்ம மனசுக்குள்ள ஓடுற பேச்சோட ஆரம்பமே நம்மளை வளத்தவங்க பேச்சு. ரோடு தாண்டும்போது உள்ள இருந்து பாத்து போன்னு ஒண்ணு சொல்லுது, பெரிய செலவு பண்ண போகும்போது இது இப்போ அவசியமான்னு ஒண்ணு கேக்குது, அது குரலா கேக்காது, எங்க அம்மாவோட சத்தம் இப்படி தான்னு அடையாளம் சொல்ல முடியாது, நாமளே யோசிக்கிற மாதிரி தான் இருக்கும். குரல் மறந்து போச்சுன்னு வருத்தப்படுறவங்க கிட்ட நான் இதை தான் சொல்றது, சத்தம் தான் போயிருக்கு, பேச்சு போகல.

சரி, சம்பவங்கள் ஏன் கரையுது? இதுல தான் நிறைய பேருக்கு தப்பான எண்ணம் இருக்கு, நடந்தது அப்படியே உள்ள பதிவாகி இருக்கும், நாம தான் எடுக்க முடியாம இருக்கோம்னு. இங்கிலாந்துல ஃபிரடெரிக் பார்ட்லெட் 1932லயே காட்டிட்டாரு, ஒருத்தர் ஒரு கதையை நினைவுல இருந்து ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் தனக்கு பழக்கமான மாதிரி அதை மாத்தி கட்டிக்கிறாருன்னு. 2000ல கரீம் நாடர்ங்கிறவரும் கூட இருந்தவங்களும் எலிகளை வச்சு செஞ்ச ஆய்வுல, நல்லா பதிஞ்சு உறுதியான ஒரு பய ஞாபகத்தை கூட திரும்ப கிளறினா அது கொஞ்ச நேரம் நெகிழ்ந்து போய் மறுபடியும் புதுசா பதிய வேண்டியிருக்குன்னு தெரிஞ்சுது. மனுஷங்க விஷயத்துலயும் இதே வழியில தான் இன்னைக்கு யோசிக்கிறாங்க, நீங்க அடிக்கடி நினைக்கிற அப்பா சம்பவம் எதுவோ அது தான் அதிகமா மாறியிருக்க வாய்ப்பு இருக்கு. அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாம் ஒரே வீட்டுல வளந்துட்டு அப்பாவை பத்தி பேசும்போது ஆளுக்கு ஒரு அப்பாவை சொல்றாங்கல்ல, அவரு எங்கே அப்படி சொன்னாரு, நான் பக்கத்துல தானே இருந்தேன்னு சண்டையே வரும், யாரும் பொய் சொல்லல. மூத்தவன் பாத்தது 30 வயசு அப்பாவை, கடைக்குட்டி பாத்தது 45 வயசு களைச்சுப் போன அப்பாவை, அதுக்கு மேல இத்தனை வருஷம் ஆளாளுக்கு தனித்தனியா திரும்ப திரும்ப கட்டி வச்சிருக்காங்க.

ஃபோட்டோ இதுல செய்யிற வேலை ரொம்ப முக்கியம். 2002ல கிம்பர்லி வேட்ங்கிற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 20 பேரோட சின்ன வயசு குடும்ப ஃபோட்டோவை வாங்கி, அவங்க வெப்பக்காத்து பலூன்ல ஏறி போற மாதிரி பொய்யா ஒரு ஃபோட்டோ தயார் பண்ணி நிஜ ஃபோட்டோக்களோட கலந்து காட்டினாங்க. மூணு தடவ பேசி முடிக்கிறதுக்குள்ள பாதி பேருக்கு நடக்காத அந்த பலூன் பயணம் முழுசாவோ அரைகுறையாவோ ஞாபகத்துக்கு வந்துடுச்சு. அப்போ அம்மா மடியில நான் உக்காந்திருக்கிற ஃபோட்டோவை வச்சுகிட்டு அந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குன்னு சொல்றதுல எவ்வளவு ஞாபகம் எவ்வளவு ஃபோட்டோன்னு பிரிக்கவே முடியாது. நம்ம ஊர்ல போன தலைமுறை பெத்தவங்களுக்கு நல்ல ஃபோட்டோவே இருக்காது, ரேஷன் கார்டுக்கோ ஓட்டர் ஐடிக்கோ பிடிச்ச ஸ்டாம்ப் சைஸ் படத்தை ஸ்டூடியோவுல குடுத்து பெருசாக்கி, முடியை கொஞ்சம் கருப்பாக்கி, சட்டை போடாதவருக்கு சட்டை வரைஞ்சு, ஃபிரேம் போட்டு மாலை மாட்டிடுவோம். வாழ்நாள் முழுக்க சிரிச்சுகிட்டே இருந்த ஒரு அம்மா, கேமராவை பாத்து பயந்து போய் விறைப்பா நின்ன அந்த ஒரு நொடி முகத்தோட சுவத்துல நிக்கிறாங்க, நாம தினம் அதை பாக்குறோம், உள்ள இருந்த முகத்தோட இடத்துல அந்த முகம் வந்துடுது. அதனால ஃபோட்டோ மாட்டுறதா இருந்தா, நல்லா இல்லேன்னாலும் பரவால்ல, அவங்க ஏதாவது வேலை செஞ்சுகிட்டு இருக்கும்போது எடுத்த படத்தையும் ஒண்ணு பக்கத்துல வைங்கன்னு சொல்லுவேன்.

சின்ன குழந்தையா இருக்கும்போதே அப்பாவையோ அம்மாவையோ இழந்தவங்களோட நிலைமை வேற. பெரியவங்க ஆனப்புறம் பெரும்பாலானவங்களுக்கு மூணு மூணரை வயசுக்கு முன்னாடி நடந்தது அவ்வளவா நினைவுல இருக்காது. ஆனா குழந்தைக்கு அப்போ ஞாபகமே இல்லன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது, பெட்ரிஷியா பாவர், மெரினா லார்கினா ரெண்டு பேரும் 2014ல வெளியிட்ட ஆய்வுல மூணு வயசுல நடந்ததை 5ல இருந்து 7 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க 60 சதவீதத்துக்கு மேல ஞாபகம் வச்சிருந்தாங்க, 8, 9 வயசுக்கு வந்தப்போ அது 35 சதவீதம் கிட்ட இறங்கிடுச்சு. அதாவது அப்பா போனப்போ மூணு வயசு இருந்த குழந்தைக்கு அப்பா தோள்ல தூக்கிட்டு போனது அஞ்சு வயசுல கூட ஞாபகம் இருக்கும், அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள தான் அது போகுது. அந்த சமயத்துல தான் நம்ம வீடுகள்ல குழந்தை முன்னாடி அப்பா பேச்சை எடுக்காதீங்க, ஏங்கி போயிடும்னு எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க. அன்புல தான் செய்யிறாங்க, எனக்கு புரியுது, ஆனா குழந்தைக்கு அது பெரிய நஷ்டம். குழந்தை கிட்ட பழசை பேச பேச தான் அதுக்கு பழசு தங்கும். நியூசிலாந்துல 2000ல வந்த ஒரு ஆய்வுல மாவோரி மக்களோட முதல் ஞாபகம் சராசரியா மூணு வயசுக்கும் முன்னாடியே ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுது, அதே நாட்டுல இருக்கிற ஐரோப்பிய வம்சாவளிக்காரங்களுக்கு அது மூணரை வயசு. முன்னோர் கதையையும் நடந்ததையும் உக்காந்து விரிவா பேசுற வழக்கம் மாவோரி குடும்பங்கள்ல அதிகம்ங்கிறது அதுக்கு ஒரு காரணமா சொல்றாங்க.

பாஸ்டன் பக்கம் அப்பாவையோ அம்மாவையோ இழந்த 70 குடும்பத்து பிள்ளைங்க 125 பேரை வச்சு வில்லியம் வோர்டனும் ஃபில்லிஸ் சில்வர்மேனும் நடத்துன ஆய்வுல, பாதிக்கு மேல பிள்ளைங்க இறந்து போன அம்மா அப்பா கிட்ட பேசிகிட்டு இருந்தாங்க, பெரும்பாலானவங்க அவங்களோட பொருள் ஏதாவது ஒண்ணை பத்திரமா வச்சிருந்தாங்க. அதுக்கு முன்னாடி பல காலமா மனநல படிப்பு இதை நோய் மாதிரி பாத்துச்சு. உளப்பகுப்பாய்வை ஆரம்பிச்சு வச்ச ஃபிராய்ட் 1917ல துக்கம் பத்தி எழுதினதை வச்சு, இறந்தவங்க மேல இருக்கிற பிடிப்பை ஒவ்வொண்ணா விடுவிச்சுகிட்டு வெளிய வர்றது தான் துக்கத்தோட வேலைன்னு பல வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க. ஆனா அதே ஃபிராய்ட் தன்னோட அப்பா 1896ல இறந்ததை பத்தி பின்னால எழுதும்போது, ஒரு மனுஷனோட வாழ்க்கையில அதை விட பெரிய இழப்பு கிடையாதுங்கிற மாதிரி தான் எழுதியிருக்காரு. 1996ல டென்னிஸ் கிளாஸ், சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மேன் மூணு பேரும் சேந்து இந்த பழைய எண்ணத்தை மறுத்தாங்க, பிடிப்பை அறுத்துக்க வேண்டியதில்ல, உறவு வேற உருவத்துல தொடர்றது தான் பெரும்பாலான மனுஷங்களுக்கு இயல்புன்னு.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இதை புதுசா யாரும் சொல்ல வேண்டியதே இல்ல. பால் தெளிக்கிறது, பதினாறாம் நாள் கருமாதி, மாசா மாசம் திதி, வருஷ திவசம், அப்புறம் ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசியில மகாளய அமாவாசைன்னு வாழ்நாள் முழுக்க போகுது. சாதிக்கு சாதி ஊருக்கு ஊர் கணக்கு மாறும், ஆனா வரிசையை பாருங்க, முதல்ல நாள் கணக்கு, அப்புறம் மாச கணக்கு, அப்புறம் வருஷ கணக்கு. ஒரு விஷயம் மறக்காம இருக்கணும்னா இடைவெளி விட்டு விட்டு திரும்ப நினைக்கணும்ங்கிறதை எபிங்ஹாஸ்ங்கிற ஜெர்மன்காரர் 1885லயே அளந்து எழுதிட்டாரு, நம்ம சடங்கோட கால வரிசை அதுக்கு நெருக்கமா இருக்கிறதை பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கு. முன்னோர்கள் இதை தெரிஞ்சு திட்டம் போட்டு வச்சாங்கன்னு நான் சொல்ல வரல, துக்கத்தோட வேகம் தானா குறையிறதுக்கு ஏத்த மாதிரி அமைஞ்சிருக்கலாம். பலன் ஒண்ணு தான், மறக்க போற சமயத்துல ஒரு நாள் வந்து நிக்குது, அன்னைக்கு குடும்பமே உக்காந்து அவங்களை பத்தி பேசியே ஆகணும்.

அதுலயும் படையல். அப்பாவுக்கு பிடிச்சது என்னென்னன்னு யோசிச்சு வைக்கணும்ல, நெத்திலி கருவாட்டு குழம்பு, அவிச்ச முட்டை, வெத்தலை பாக்கு, சுருட்டு பிடிக்கிறவருக்கு சுருட்டு, சிலருக்கு குவாட்டர் பாட்டில் கூட. சைவமா செய்யிற வீட்டுல வாழைக்காய் பொரியல், உளுந்த வடை, பாயசம். அவருக்கு அதிரசம் பிடிக்குமே வைக்கலியான்னு சித்தி கேப்பாங்க, எப்போ பிடிக்கும்னு சொன்னாருன்னு பெரியம்மா கேப்பாங்க, அங்க ஆரம்பிச்சு ஒரு கதை வரும், பேரப்பிள்ளைங்க பக்கத்துல நின்னு கேக்கும். சாமி கும்பிட்டு காக்காய்க்கு வச்சுட்டு சாப்பிடுறதுக்குள்ள அந்த மனுஷனை பத்தின பத்து விவரம் அடுத்த தலைமுறைக்கு போய் சேந்துடும். கிறிஸ்தவங்க வீட்டுல நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு கல்லறையை கழுவி வெள்ளையடிச்சு மெழுகுவத்தி ஏத்தும்போதும், முஸ்லிம் வீடுகள்ல கபர்ஸ்தானுக்கு போய் துஆ கேக்கும்போதும் பிள்ளைங்களை கூட்டிட்டு போய் இது உங்க தாத்தான்னு காட்டுறதுல இதே வேலை தான் நடக்குது.

யாழ்ப்பாணத்து சைவ குடும்பங்கள்ல இது இன்னும் தெளிவா இருக்கு, ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்குன்னு பிரிச்சே வச்சிருக்காங்க, ஆடி அமாவாசைக்கு கீரிமலை கேணியிலயும் கடல்லயும் கூட்டம் நிக்கும். அவங்க கிட்ட எனக்கு ரொம்ப பிடிச்ச வழக்கம், 31ஆம் நாள் செய்யிற அந்தியேட்டிங்கிற சடங்குக்கு கல்வெட்டுன்னு ஒரு சின்ன புத்தகம் அச்சடிச்சு குடுக்குறது. இறந்தவரோட ஊர், பெத்தவங்க, கூடப்பிறந்தவங்க, படிச்சது, வேலை பாத்தது, பிள்ளைங்க எங்க எங்க இருக்காங்க எல்லாம் அதுல வரும், முன்னாடி செய்யுளாவே எழுதுவாங்க. போர்ல வீடு வாசல் ஆல்பம் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடின ஒரு சமூகத்துக்கு இந்த சின்ன புத்தகங்களோட மதிப்பு என்னன்னு நினைச்சு பாருங்க. நூலகம் நிறுவனம் நடத்துற இணைய நூலகத்துல இப்படிப்பட்ட நினைவு மலர்களை ஸ்கேன் பண்ணி சேத்து வச்சிருக்காங்க, சாதாரண டீச்சர், கடைக்காரர், குடும்பத் தலைவி எல்லாரோட வாழ்க்கையும் அங்க இருக்கு.

ஏன் எழுதி வைக்கிறது அவ்வளவு முக்கியம்னா, வாய் வழியா போற ஞாபகத்துக்கு ஒரு எல்லை இருக்கு. யான் அஸ்மான்ங்கிற ஜெர்மன் அறிஞர் பேச்சு வழியா கைமாறுற நினைவோட ஆயுள் 80ல இருந்து 100 வருஷம், அதாவது சுமாரா மூணு தலைமுறைன்னு கணக்கு சொல்றாரு. நம்ம தர்ப்பணத்துலயும் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தான்னு மூணு பேரோட நிறுத்துறாங்க. கொள்ளுப்பாட்டி பேர் என்னன்னு கேட்டா அங்கேயே நின்னு ஊர்ல இருக்கிற வயசான அத்தைக்கு ஃபோன் போடுறவங்களை நானே பாத்திருக்கேன். நம்ம இனிஷியல் இன்னும் குறுகலானது, அப்பா பேரோட முதல் எழுத்து ஒவ்வொரு கையெழுத்துலயும் நம்ம கூடவே வரும், ஆனா நம்ம பிள்ளைக்கு நம்ம எழுத்து வந்த உடனே தாத்தா எழுத்து காணாம போயிடும். பேரனுக்கு தாத்தா பேரை வைக்கிறதால அது ஒரு தலைமுறை தாண்டி திரும்ப வருது, ஆனா பேர் மட்டும் தான் வருது, அந்த பேரை சுமந்தவர் எப்படிப்பட்டவர்னு யாராவது சொன்னா தான் உண்டு. அம்மாக்களுக்கு பல காலம் இனிஷியல்ல கூட இடம் இல்ல, பாட்டியோட அம்மா பேர் தெரிஞ்சவங்க நம்மள்ல எத்தனை பேர் இருப்போம்?

ஆனா நமக்கு தெரியாமலே வந்து சேர்ற விஷயங்களும் உண்டு. கரோல் கிரம்ஹான்ஸ்லும் ஜஸ்டின் ஸுப்னிக்கும் 2013ல அமெரிக்காவுல சராசரி 20 வயசு காலேஜ் பசங்களுக்கு 1955ல இருந்து 2009 வரைக்கும் வந்த ஹிட் பாட்டுகளை போட்டு காட்டினாங்க. தங்களோட காலத்து பாட்டோட சேத்து, அவங்க அப்பா அம்மா இளவயசுல கேட்ட 80கள் பாட்டும், அதுக்கும் முந்தின 60கள் பாட்டும் அவங்களுக்கு நெருக்கமா இருந்துச்சு. சிலோன் ரேடியோ கேட்டு வளந்த அப்பாவோட பிள்ளைங்க தான் பிறக்காத காலத்து பாட்டை கேட்டு ஏன் கண் கலங்குறாங்கன்னு எனக்கு இதுல விளங்குச்சு.

வாசனை பத்தி சொல்லியே ஆகணும். கண்ணுல பாக்குறது காதுல கேக்குறது எல்லாம் மூளையில தலாமஸ்ங்கிற இடத்தை தாண்டி தான் மத்த பகுதிக்கு போகும், வாசனை மட்டும் அந்த வழியா போகாம உணர்ச்சியும் ஞாபகமும் பதியிற பகுதிகளுக்கு நேரா கிட்டவே போய் சேருது. 2006ல ஸ்வீடன்ல வயசானவங்களை வச்சு செஞ்ச ஆய்வுல, வார்த்தையோ படமோ காட்டினா 11ல இருந்து 20 வயசு ஞாபகங்கள் தான் அதிகமா வந்துச்சு, வாசனை காட்டினா 10 வயசுக்கு முந்தினது வந்துச்சு. அம்மா புடவையை துவைக்காம கவர்ல போட்டு பீரோவுல வச்சிருக்கிறவங்களை யாரும் பரிகாசம் பண்ணாதீங்க. பாண்ட்ஸ் பவுடர், மஞ்சள், நீலகிரி தைலம், அடுப்பு புகை, அப்பாவோட சட்டையில பீடி வாசனையும் வேர்வையும், இதுல ஒண்ணு எதிர்பாராம காத்துல வந்தா போதும், எவ்வளவு யோசிச்சும் வராத முகம் முழுசா வந்துடும்.

எல்லாமே இனிமையா தங்காதுங்கிறதையும் நேர்மையா சொல்லணும். குடிச்சுட்டு வந்து அடிச்ச அப்பாவும் தங்குவாரு, அதுவும் ரொம்ப ஆழமா தங்குவாரு, பயத்துல சுரக்குற ஹார்மோன் ஞாபகத்தை இறுக்கி பதிய வைக்குது, 50 வயசுலயும் வாசல் கேட் திறக்குற சத்தத்துக்கு உடம்பு விறைக்கிறவங்க இருக்காங்க. அவங்க கிட்ட போய் செத்தவங்களை பத்தி தப்பா பேசாதேன்னு சொல்றது பெரிய அநியாயம். அதே மாதிரி, நல்ல அப்பாவா இருந்தாலும் முதல் சில மாசம் ஐசியூல ட்யூபோட பாத்த முகம் தான் முன்னாடி வந்து நிக்கும், கடைசி நாள்ல கோவமா பேசினது தான் காதுல ஒலிக்கும். பெரும்பாலானவங்களுக்கு நாளாக ஆக அது பின்னால போய், வேட்டியை மடிச்சு கட்டிகிட்டு மார்க்கெட் பை எடுத்துட்டு கிளம்புற பழைய அப்பா திரும்ப வர்றாரு. அப்புறம் நாம அவங்க வயசை தொடும்போது அவங்க மறுபடியும் மாறுறாங்க, 40 வயசுல மூணு பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டின மனுஷன் ஏன் எப்பவும் எரிஞ்சு விழுந்தாருன்னு நமக்கு 40 வயசு ஆகும்போது தான் தெரியுது.

கடைசி வரைக்கும் நிக்கிறதும் அவங்க தான். ரிபோங்கிற பிரெஞ்சு அறிஞர் 1881ல சொன்னது, ஞாபகம் சிதையும்போது புதுசு முதல்ல போகும், பழசு கடைசியில போகும். டிமென்ஷியா வந்த 85 வயசு பாட்டிங்க சொந்த பிள்ளைங்களை யாருன்னு கேப்பாங்க, கட்டின புருஷனை மறந்துடுவாங்க, சாயங்காலம் ஆனா எங்கம்மா தேடுவாங்க, நான் வீட்டுக்கு போகணும்னு எழுந்திருப்பாங்க. அம்மா செத்து 50 வருஷம் ஆச்சுன்னு திருத்தினா அவங்க அந்த சாவை அன்னைக்கு தான் கேட்ட மாதிரி அழுவாங்க, அதனால திருத்தாம, உங்கம்மா என்ன சமைப்பாங்க, என்ன பாட்டு பாடுவாங்கன்னு அவங்க அம்மாவை பத்தியே பேச வைங்கன்னு தான் பாத்துக்கிறவங்களுக்கு இப்போ சொல்லி குடுக்குறாங்க.

பெத்தவங்க உயிரோட இருக்கிறவங்களுக்கு செய்யிறதுக்கு வேலை இருக்கு. அமெரிக்காவுல எமரி பல்கலைக்கழகத்துல மார்ஷல் ட்யூக்கும் ராபின் ஃபிவுஷும் 20 கேள்வி தயார் பண்ணி பிள்ளைங்க கிட்ட கேட்டாங்க, உங்க அப்பா அம்மா எப்படி சந்திச்சாங்க தெரியுமா, தாத்தா எங்க வளந்தாரு தெரியுமா, நீ பிறந்தப்போ என்ன நடந்துச்சு தெரியுமான்னு. அதிகமா தெரிஞ்சிருந்த பிள்ளைங்களுக்கு தன்னம்பிக்கையும் கூடுதலா இருந்துச்சு. அந்த மாதிரி கேள்வியை உங்க அம்மா கிட்ட கேளுங்க, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, கேமரா காட்டினா கூச்சப்படுவாங்க, கீரை ஆய்ஞ்சுகிட்டு இருக்கும்போது ஃபோனை பக்கத்துல வச்சுட்டு சும்மா பேச்சு குடுங்க. பெரிய கேள்வி வேணாம், சின்ன வயசுல எந்த தோழி கூட பள்ளிக்கூடம் போனீங்க, முதல்ல வாங்கின சம்பளத்துல என்ன வாங்கினீங்க, இது போதும். பழைய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை தனியா எடுத்து சேவ் பண்ணுங்க, ஃபோன் மாத்தும்போது போறது முதல்ல அது தான். பழைய ஆல்பத்தை எடுத்து வச்சு, படத்துல இருக்கிறது யார் யாருன்னு கேட்டு பின் பக்கம் பென்சிலால பேர், ஊர், சுமாரான வருஷம் எழுதுங்க, பேனா மை முன் பக்கம் ஊறிடும். அம்மா வைக்கிற குழம்பை எழுதி வாங்குறதோட நிறுத்தாதீங்க, பக்கத்துல நின்னு அவங்க பாக்க நீங்களே வைங்க, உப்பு பத்தலன்னு சொல்லுவாங்க, மறுபடி வைங்க.